வெளிநாட்டு ஆண்டா, ஆய்வுகூடப் பயிற்சி ஆண்டா? பிரித்தானியாவில் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கப்போகிறவர் எடுக்க வேண்டிய முடிவு

இங்கிலாந்தில் உயிர்மருத்துவ அறிவியலுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் ஒரு மாணவர், பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழேயே மூன்று நான்கு வடிவங்கள் வந்து நிற்கும். மூன்று ஆண்டில் முடியும் இளநிலைப் பட்டம் ஒன்று. அதனோடு ஓராண்டை வெளிநாட்டில் கழிக்கும் நான்காண்டுப் பட்டம் இன்னொன்று. அந்த ஓராண்டை மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ பயிற்சியாகச் செய்யும் பட்டம் மற்றொன்று. இளநிலையையும் முதுநிலையையும் ஒன்றாகச் சேர்த்த பட்டமும் உண்டு. பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாம் ஆண்டில் எல்லோரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து ஒரே குறிப்புகளை எழுதுகிறார்கள். ஆனால் பட்டம் கையில் கிடைத்த மறுநாள் அவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள் ஒன்றாக இருப்பதில்லை. நான் ஒரு மருத்துவமனையின் நோயியல் ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வை செய்வதும் என் பொறுப்புகளில் ஒன்று. எந்த ஆண்டைச் சேர்த்துக்கொள்வது என்ற கேள்வியைப் பெற்றோரும் பிள்ளைகளும் செலவைப் பற்றிய கேள்வியாகவோ அனுபவத்தைப் பற்றிய கேள்வியாகவோ மட்டும் பார்ப்பதை அடிக்கடி காண்கிறேன். அது முதலில் தொழிற்பதிவைப் பற்றிய கேள்வி.

பிரித்தானியாவில் 'உயிர்மருத்துவ அறிவியலாளர்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பதவிப் பெயர். எச்.சி.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர், எவ்வளவு உயர்ந்த பட்டம் பெற்றிருந்தாலும், அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொள்ள முடியாது. பதிவு பெறுவதற்கான வழக்கமான பாதைக்கு இரண்டு படிகள் உள்ளன. முதலாவது, ஐ.பி.எம்.எஸ். எனப்படும் உயிர்மருத்துவ அறிவியல் நிறுவகத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டம். 1912இல் ஆய்வுகூட உதவியாளர்களின் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு அது. இன்று எந்தப் பட்டம் தொழிலுக்குப் போதுமானது என்று மதிப்பிடும் பொறுப்பு அதனிடம் உள்ளது. இரண்டாவது, அந்த நிறுவகம் ஏற்றுக்கொண்ட பயிற்சி ஆய்வுகூடம் ஒன்றில் செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துப் பதிவுக்கான பயிற்சிக் கோப்பை நிறைவு செய்து, வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பாளரின் முன் அதை நிரூபித்து, தகுதிச் சான்றிதழ் பெறுவது. இந்த இரண்டாவது படிக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆய்வுகூட வேலை தேவைப்படுகிறது. நான்காண்டுப் பட்டத்தில் நடுவே வரும் அந்த ஓராண்டை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு இவ்வளவு கனம் வருவது இதனால்தான்.

முதற்படியையே தவறவிட்டவன் நான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நான் சேர்ந்த பட்டத்தின் ஆங்கிலப் பெயரின் இறுதியில் ஓர் 'எஸ்' கூடுதலாக இருந்தது. அதைப் பன்மை என்று மட்டும் எண்ணினேன். அது ஆராய்ச்சியை நோக்கி அமைந்த, அங்கீகாரம் பெறாத பட்டம் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் கையேடு எங்கும் எடுத்துச் சொல்லவில்லை. நேர்முக நாளில் நான் கேட்கவும் தெரிந்திருக்கவில்லை. பட்டம் பெற்ற பின் என் பாடங்களை மதிப்பீட்டுக்கு அனுப்பியபோது, குருதி மாற்றீட்டு அறிவியலும் மருத்துவ உயிர்வேதியியலும் உள்ளிட்ட சில பாடங்களை மீண்டும் தனியாகப் படித்துத் தேறும்படி பதில் வந்தது. பகலில் ஆய்வுகூட உதவியாளராக மாதிரிக் குழாய்களுக்குப் பட்டைக்குறி ஒட்டிக்கொண்டும் இரவில் அந்தப் பாடங்களைப் படித்துக்கொண்டும் கழிந்த அந்த இரண்டு ஆண்டுகள் இன்றும் எனக்கு வலிக்கின்றன. பெயரில் 'எஸ்' இருப்பதும் இல்லாததும் நம்பத்தக்க அடையாளம் அல்ல. அங்கீகாரம் பெற்ற பட்டங்களின் பட்டியலை நிறுவகமே வெளியிடுகிறது, அதில் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், 'வெளிநாட்டு ஆண்டுடன்' என்று முடியும் அந்தக் குறிப்பிட்ட பட்டத்தின் முழுப்பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாண்டு வடிவம் அங்கீகாரம் பெற்றிருந்து நான்காண்டு வடிவம் பெறாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. வெளிநாட்டு ஆண்டு கூடுதலான ஆண்டாக இல்லாமல், இங்குள்ள ஓர் ஆண்டுக்கோ பருவத்துக்கோ ஈடாக வைக்கப்பட்டிருக்கும் பட்டங்களில் இந்த ஐயம் இன்னும் கூடுதலாகத் தேவை. ஏனென்றால் அங்கே விடுபடும் பாடம் கட்டாயப் பாடமாக இருந்துவிடலாம்.

பயிற்சி ஆண்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டு முடிந்ததும் மாணவர் ஒரு தேசிய சுகாதார சேவை மருத்துவமனையின் ஆய்வுகூடத்துக்கு வருகிறார். உயிர்வேதியியல், குருதியியல், குருதி மாற்றீடு, நுண்ணுயிரியல், உயிரணு நோயியல் போன்ற துறைகளில் ஒன்றையோ சிலவற்றையோ மையமாகக் கொண்டு ஆண்டு முழுவதும் வேலை செய்கிறார். கோப்பு நிறைவேறினால், இறுதியாண்டை முடித்துப் பட்டம் பெற்றதும் பதிவுக்கு விண்ணப்பித்து, நேராகத் தேசிய சுகாதார சேவை ஊதிய அளவின் ஐந்தாம் நிலைப் பணிக்குச் செல்லலாம். 2025-26ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அந்த நிலையின் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. இந்த ஆண்டைச் செய்யாமல் பட்டம் பெறுபவர் பயிற்சி இடம் தேட வேண்டும், அல்லது கீழ்நிலை உதவிப் பணியில் சேர்ந்து, ஆய்வுகூடம் எப்போது தன் கோப்பைத் தொடங்க அனுமதிக்கும் என்று காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும் பட்டதாரிகள் ஒவ்வொரு ஆய்வுகூடத்திலும் இருக்கிறார்கள். எங்கள் வரவேற்புப் பகுதியில் மாதிரிகளைப் பிரிக்கும் மேசையில் இப்போதும் இருவர் இருக்கிறார்கள்; இருவருமே நல்ல மதிப்பெண் பெற்றவர்கள்.

அந்த ஓராண்டு உண்மையில் என்ன கற்றுத் தருகிறது என்பதை ஒரு மாலை வேளையை வைத்துச் சொல்லலாம். பயிற்சியின் நான்காம் மாதத்தில் இருந்த ஒரு மாணவரின் திரையில் ஒரு முடிவு வந்து நின்றது: பொட்டாசியம் 9.8, கல்சியம் 1.1. பொட்டாசியம் அந்த அளவில் உண்மையாகவே இருந்தால் இதயம் நின்றுவிடக்கூடும்; உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய எண் அது. அவர் தொலைபேசியை எடுத்தார், ஆனால் எண்ணைச் சொல்வதற்கு முன் செவிலியரிடம் ஒரு கேள்வி கேட்டார்: குருதி எடுத்தபோது எந்தக் குழாயை முதலில் நிரப்பினீர்கள்? ஊதா மூடியுள்ள குழாயில் குருதி உறையாமல் இருக்க இடப்படும் உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குழாயிலிருந்து சிறிதளவு மற்றக் குழாய்க்குள் சென்றுவிட்டால் ஒன்று பொய்யாக ஏறும், மற்றொன்று பொய்யாக இறங்கும். புதிய மாதிரி வந்தது; பொட்டாசியம் 4.3. இரண்டாம் ஆண்டு விரிவுரையில் இந்தச் செய்தியைப் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருந்தவர்தான் அவர். ஆனால் மாலை ஆறரை மணிக்கு, ஒரு முழு ரேக் மாதிரிகள் காத்திருக்கும்போது, இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும் கண் விரிவுரையிலிருந்து வருவதில்லை.

பயிற்சி ஆண்டின் குறைகளையும் மறைக்கக் கூடாது. இடங்கள் மிகக் குறைவு. பட்டத்தின் பெயரில் 'பயிற்சி ஆண்டுடன்' என்று இருப்பது இடத்துக்கான உறுதி அல்ல, போட்டியிடுவதற்கான அனுமதி மட்டுமே. தன் மாணவர்களுக்கென ஆய்வுகூடங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு, இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று விடுபவையும் உண்டு. மருத்துவமனைப் பயிற்சிக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடைப்பதில்லை. ஊதியமின்றி மருத்துவமனையில் பயிற்சி செய்பவர் குடும்ப வருமானத்தின் அடிப்படையிலான முழு வாழ்க்கைச் செலவுக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. ஊதியம் தரும் மருந்து நிறுவனப் பயிற்சிக்குக் குறைந்த அளவுக் கடனே உண்டு. அத்துடன் ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் செய்யும் பயிற்சி, வேலை அனுபவம் என்ற முறையில் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பதிவுக்கான கோப்பை நிறைவு செய்யாது. இரண்டையும் ஒன்றென எண்ணிக்கொண்டு வருபவர்களை ஒவ்வொரு ஆண்டும் சந்திக்கிறேன்.

'பயன்பாட்டு உயிர்மருத்துவ அறிவியல்' என்ற பெயரில், பயிற்சியையும் பதிவுத் தகுதியையும் பட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கும் வடிவம் ஒன்றும் உண்டு. மருத்துவமனை ஆய்வுகூடம்தான் தன் இடம் என்று பதினேழு வயதிலேயே உறுதியாகத் தெரிந்த பிள்ளைக்கு அதைவிட நேரான பாதை இல்லை. வெளிநாட்டு ஆண்டுக்கு அதில் இடமும் இல்லை.

இனி வெளிநாட்டு ஆண்டு. இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும், அதற்குள் முற்றிலும் வேறான இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்றில் மாணவர் கூட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அங்குள்ள மாணவர்களோடு அமர்ந்து பாடங்களைப் படிக்கிறார். மற்றொன்றில் அங்குள்ள ஆராய்ச்சிக் குழு ஒன்றில் சேர்ந்து, பல மாதங்கள் ஒரே ஆய்வுத் திட்டத்தில் வேலை செய்கிறார். முதலாவது வகையில் கிடைப்பவை வேறொரு கல்வி முறையின் அனுபவமும் சில புதிய பாடங்களும் மொழியும். அவை சிறியவை அல்ல. சுவீடனில் பொதுவாக ஒரே நேரத்தில் நான்கு பாடங்களைச் சுமப்பதில்லை. ஒரு பாடத்தை முழுநேரமாகச் சில வாரங்கள் படித்து, தேர்வெழுதி முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்குகிறார்கள். ஆழமாகப் படிக்கும் இயல்புள்ளவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போகிறது. ஆனால் இந்தத் துறையில், செய்முறைக் கை என்பது பேச்சைவிட முன்னதாக மதிக்கப்படும் இடத்தில், என் கணிப்பில் இரண்டாவது வகைக்கே மதிப்பு அதிகம். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பவரிடம் தேர்வுக் குழு கேட்பது, எங்கே படித்தாய் என்பதைவிட, உன் கையால் என்ன செய்தாய், அது பலிக்காதபோது என்ன செய்தாய் என்பதுதான்.

வட ஐரோப்பிய ஆய்வுகூடம் ஒன்றில் ஓராண்டு இருந்துவிட்டு வந்த ஒரு மாணவி, தன் இறுதியாண்டில் எங்களிடம் ஒரு சிறு ஆய்வுக்காக வந்திருந்தார். அங்கே போய்ச் சேர்ந்த முதல் மூன்று வாரங்களும் தேடும் புரதத்தைக் கோடாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் தனக்கு ஒரு கோடுகூடத் தோன்றவில்லை என்றார். புரதம் குறைவோ என்று அளவைக் கூட்டினார், சவ்வை மாற்றினார், ஒளிப்பட நேரத்தை நீட்டினார். இறுதியில் குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியையும் குப்பிகளின் மேல் இருந்த சிட்டைகளோடு ஒப்பிட்டபோது, புரதத்தைப் பற்றிக்கொள்ளும் முதல் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) முயலில் உருவாக்கப்பட்டது என்பதும், தான் அதன்மேல் இட்ட இரண்டாம் எதிர்ப்புரதம் எலியினுடையதைத் தேடிப் பிடிப்பது என்பதும் தெரியவந்தன. யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவருக்காகத் தேடித் தரவும் இல்லை. எங்களிடம் வந்த முதல் நாளில், ஒரு வேதிப்பொருளைத் தொடுவதற்கு முன் அதன் தொகுதி எண்ணையும் அது எந்த விலங்கில் உருவானது என்பதையும் அவர் குறிப்பேட்டில் எழுதியதைப் பார்த்தபோதே, அந்த மூன்று வாரங்களின் மதிப்பு எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தத் துறையே இடம்பெயர்ந்தவர்களின் கைகளால் வளர்ந்தது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. ஜெர்மனியில் பிறந்த கேயார்க் கோலர் 1974இல் கேம்பிரிட்ஜுக்கு வந்து, அர்ஜென்டினாவிலிருந்து வந்து அங்கே வேலை செய்துகொண்டிருந்த சேசர் மில்ஸ்டைனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, ஒரே வகை எதிர்ப்புரதத்தை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் முறையை இருவரும் வெளியிட்டார்கள். 1984இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று குருதி வகை காண நாங்கள் சொட்டுவிடும் கரைசலிலும், புற்றுநோய் வகையை அறிய இழையத்துக்குச் சாயம் ஏற்றும்போதும் அந்த முறையில் உருவான எதிர்ப்புரதங்களையே பயன்படுத்துகிறோம். ஓர் இளநிலை மாணவர் வெளிநாடு செல்வதால் இப்படி ஒன்று நிகழும் என்று நான் சொல்லவரவில்லை. வேறொரு நாட்டின் ஆய்வுகூடத்தில் போய் நிற்பது இத்துறையில் அலங்காரம் அல்ல, அதன் இயல்பான பழக்கம் என்பதையே சொல்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டணத்தை மட்டும் பார்த்தால் வெளிநாட்டு ஆண்டே மலிவானது. 2025-26இல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு மாணவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு. முழு வெளிநாட்டு ஆண்டுக்கு அதன் உச்சம் 1,430 பவுண்டு, முழுப் பயிற்சி ஆண்டுக்கு 1,905 பவுண்டு. பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் செல்பவர் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வாழ்க்கைச் செலவுக் கடனுக்கு வெளிநாட்டில் படிப்பவர்களுக்கென்று தனி உச்சம் உண்டு. அது அதே ஆண்டில் 12,076 பவுண்டு. குடும்ப வருமானம் கூடக்கூட இந்தத் தொகை குறையும் என்பதால், இருவரும் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த உச்சம் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகம் போய்வரும் பிள்ளைகள் நம் சமூகத்தில் நிறையப் பேர். அவர்களுக்கு வெளிநாட்டு ஆண்டின் உண்மையான செலவு கட்டணத்தில் இல்லை, முதன்முறையாகக் கொடுக்கப்போகும் வாடகையில் இருக்கிறது. நெதர்லாந்து போன்ற நாடுகளில் மாணவர் தங்குமிடத்துக்கான தட்டுப்பாடு கடுமையானது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்றே அறை தேடத் தொடங்குவது மிகைப்பட்ட எச்சரிக்கை ஆகாது.

2020ஆம் ஆண்டின் இறுதியோடு பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸிலிருந்து வெளியேறியது. அதற்குப் பதிலாக 2021இல் டூரிங் திட்டம் வந்தது. டூரிங் நிதிக்குப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் பெறுகின்றன. ஆகவே இன்று முதலாம் ஆண்டில் இருக்கும் மாணவருக்கு, அவர் புறப்படும் ஆண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2027இல் பிரித்தானியா மீண்டும் எராஸ்மஸில் இணையவிருப்பதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இப்போது விண்ணப்பிக்கும் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டை அடையும்போது அது நடைமுறையில் இருக்கும் என்பதால், ஐரோப்பாவை நோக்குபவர்களுக்கு இது நல்ல செய்தி.

விசா விஷயத்தில் நம் குடும்பங்களின் நிலைமை ஒரே மாதிரியானதல்ல. பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களில் 90 நாட்கள்தான் விசா இல்லாமல் தங்கலாம்; ஓராண்டுக்கு அந்நாட்டின் மாணவர் விசாவோ வதிவிட அனுமதியோ வேண்டும். ஆனால் டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் லண்டனுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள் பலரிடம் இன்னும் அந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது. அவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிறு வயதில் பேசிய மொழியும் உள்ளே எங்கோ இருக்கும். வெளிநாட்டு ஆண்டிலிருந்து மிகக் கூடுதலாகப் பயன்பெறக் கூடியவர்கள் இவர்களே என்பது என் எண்ணம். பிரித்தானியாவில் அவர்களுடைய வதிவிட உரிமை இன்னும் இடைக்கால நிலையிலேயே இருந்தால் மட்டும், ஓராண்டு வெளியே இருப்பது அதைப் பாதிக்குமா என்பதைப் புறப்படுவதற்கு முன் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண் எப்படிக் கணக்கில் சேரும் என்பதும் இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. பல பட்டங்களில் வெளிநாட்டு ஆண்டு தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை என்ற அளவிலேயே பதிவாகிறது. வேறு சிலவற்றில் அங்கு பெற்ற மதிப்பெண் மாற்றப்பட்டு இறுதி வகுப்பில் சிறு பங்கு வகிக்கிறது. மாற்றுக் கணக்கு இருக்கும் இடங்களில் அதன் அட்டவணையைக் கேட்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் உச்ச மதிப்பெண்ணை அரிதாகவே தரும் முறைகளும் உண்டு. காலண்டரும் பொருந்த வேண்டும்: ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபரில்தான் தொடங்குகிறது, கோடைப் பருவம் ஜூலை வரை நீள்கிறது, ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு பிப்ரவரி இறுதியை ஒட்டித் தொடங்கி நவம்பரில் முடிகிறது. இறுதியாண்டுக்கு முன் ஓய்வே இல்லாமல் திரும்பி வந்து நேராக ஆய்வுத் திட்டத்துக்குள் நுழைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் முதற்பருவம் கடினமாக இருந்தது. ஓராண்டு இடைவெளியில் உடன்படித்த நண்பர்கள் பட்டம் பெற்றுப் போய்விட்டிருப்பார்கள் என்பதும் சிறிய விஷயம் அல்ல. இருபது வயதில் அது உண்மையான தனிமை.

மூன்றாண்டு நேர்ப்பட்டத்தைப் பற்றி நீண்டு சொல்ல எதுவும் இல்லை. கடன் குறைவு, காலம் குறைவு. பட்டத்துக்குப் பின் நான்காண்டு மருத்துவப் படிப்பில் சேர வேண்டும் என்பதே நோக்கமாக இருந்தால், இந்த வடிவமே போதும் என்பது என் கருத்து. அங்கே கேட்கப்படுவது பட்டத்தின் வகுப்பும் நுழைவுத் தேர்வும் பராமரிப்பு அனுபவமும்தான், வெளிநாட்டு ஆண்டுக்கென்று தனி மதிப்பெண் இல்லை. பெற்றோரின் ஆசைக்காக மட்டும் இந்தப் பாதையை எடுப்பவர்கள் அதை முதலாம் ஆண்டிலேயே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த நான்காண்டுப் பட்டத்தில் நான்காம் ஆண்டுக்கும் முழுக் கட்டணம் உண்டு. ஆனால் அது இளநிலைக் கடனுக்குள்ளேயே அடங்குகிறது. தனியாக முதுநிலைக்குச் செல்பவருக்கு 2025-26இல் 12,858 பவுண்டு வரை கடன் கிடைத்தது. கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும், அது பெரும்பாலும் போதாது. இங்கே இன்னொரு தெரிவையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்: இளநிலையை மூன்று ஆண்டில் இங்கே முடித்துவிட்டு முதுநிலைக்கு வெளிநாடு செல்வது. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவரிடம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆங்கில வழி முதுநிலைப் படிப்புகளும் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் முதுநிலைக் கடன் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியது; அங்கே வாழ்வதற்கான பணத்தைக் குடும்பமே தர வேண்டியிருக்கும். கட்டணமில்லாத இரண்டு ஆண்டுகளைவிட, கடனோடு கூடிய ஓராண்டு பரிமாற்றம் சில குடும்பங்களுக்கு எளிதாக இருப்பது இதனால்தான்.

ஓராண்டு அதிகம் என்று தயங்குபவர்களுக்குக் கோடை விடுமுறை இருக்கிறது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் 'ரைஸ்' திட்டம், பிரித்தானியா உள்ளிட்ட சில நாடுகளின் இளநிலை அறிவியல் மாணவர்களை உதவித்தொகையோடு கோடையில் ஜெர்மன் ஆய்வுகூடங்களுக்கு அழைக்கிறது. அங்கே வழிகாட்டுபவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர். பயிற்சி ஆண்டையும் வெளிநாட்டு அனுபவத்தையும் இரண்டையும் விரும்பும் பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்: ஆண்டைப் பயிற்சிக்குக் கொடுத்து, கோடையை வெளிநாட்டுக்குக் கொடுப்பது. மாறாக, ஆண்டை வெளிநாட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கோடையில் பதிவுக்கான கோப்பை முடிக்க வழியே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கணக்கு வேறு. மேலே சொன்ன கட்டண உச்சங்கள் அவர்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டு ஆண்டுக்குத் தம்மிடம் என்ன வாங்குவார்கள் என்பதை அந்தப் பல்கலைக்கழகத்திடமே கேட்க வேண்டும். நான்காண்டு வடிவத்தில் ஆரம்பத்திலேயே சேர்ந்துவிட்டால் விசாவும் அதற்கேற்ற காலத்துக்குக் கிடைக்கும். மூன்றாண்டு வடிவத்தில் சேர்ந்து நடுவில் மாற்றினால் படிப்பின் காலம் நீள்வதால் விசாவையும் நீட்டிக்க வேண்டிவரும், அதற்கான கட்டணமும் சுகாதார வரியும் மீண்டும் வரும். பட்டத்துக்குப் பின்னான பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டுகளிலிருந்து பதினெட்டு மாதங்களாகக் குறைகிறது. அந்தப் பதினெட்டு மாதங்களுக்குள் பயிற்சி இடமும் பிடித்து, கோப்பையும் முடித்து, பதிவும் பெற்று, விசாவுக்கு ஆதரவு தரும் பணியொன்றையும் தேடுவது மிக நெருக்கடியானது. ஆகவே இங்கேயே ஆய்வுகூடத்தில் பணியாற்றும் எண்ணத்தோடு வருபவருக்கு, பட்டத்துக்குள்ளேயே பயிற்சி அடங்கிய வடிவத்தைவிடப் பாதுகாப்பான தெரிவு இல்லை. வெளிநாட்டு ஆண்டை அவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் ஏற்கெனவே வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் பதினேழு வயதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது, முடிவை இரண்டாம் ஆண்டு வரை தள்ளிவைக்க இடம் தரும் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்படி. நான்காண்டு வடிவத்தில் சேர்ந்துவிட்டு மூன்றாண்டுக்கு மாறுவது பொதுவாக எளிது. எதிர்த்திசையில் மாறுவது இடங்களையும் மதிப்பெண்ணையும் பொறுத்தது. வெளிநாட்டு ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட சராசரி கேட்கப்படுவதால், முதலாம் ஆண்டு மதிப்பெண் இறுதி வகுப்பில் சேராது என்று அலட்சியமாக இருப்பவர்கள் அங்கேயே வாய்ப்பை இழக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: பரிமாற்றத்துக்கான விண்ணப்பமும் மருத்துவமனைப் பயிற்சிக்கான நேர்முகமும் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் அதே இலையுதிர் மாதங்களில் வருகின்றன. இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பதைத் தடுக்கும் விதி இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

யூகாஸ் விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு என் தங்கையின் மகள் அதை நிரப்பும்போது உடன் அமர்ந்திருந்தேன். அவளுக்கு ஆராய்ச்சியில் ஆசை, ஆனால் மருத்துவமனை வேலையும் பிடிக்காமல் இல்லை. மூன்று இடங்களை அங்கீகாரம் பெற்ற, பயிற்சிக்கும் வெளிநாட்டுக்கும் இடம்விடும் பட்டங்களுக்குக் கொடுத்தாள்; ஒன்றைப் பயன்பாட்டுப் பட்டத்துக்கு; கடைசி ஒன்றை, வெளிநாட்டு ஆண்டை ஆராய்ச்சிக் குழுவில் கழிக்க அனுமதிக்கும் ஒரு பட்டத்துக்கு. அந்தக் கடைசிப் பட்டம் நிறுவகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை. நான் அதைச் சொன்னேன். தெரியும் மாமா, பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்றாள்.